படங்களை அறிவோம், படைத்தவரை அறிவோமா?

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். கலைஞர்கள் பலரைச் செவ்வி கண்டிருக்கிறேன். அவர்களுடைய படைப்புகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் பெற்ற பரிசுகளையும் இயன்றவரை பிழையின்றிப் பதிவுசெய்திருக்கிறேன். ஆயினும், அவர்களில் எத்தனை பேரை மனிதர்களாக அறிந்திருந்தேன் என்ற கேள்வி எனக்குள் எழக் காரணமாக அமைந்தது, பதினான்கு நிமிடங்களே ஓடும் ஓர் அசைவூட்டத் திரைப்படம்.

'ரயன்' என்பது அதன் பெயர். கனடாவில் பணியாற்றும் கிறிஸ் லான்ட்ரெத் 2004 இல் உருவாக்கிய இப்படம், மறு ஆண்டு ஒஸ்கார் விருதைப் பெற்றது. ஓர் அசைவூட்டக் கலைஞர் இன்னோர் அசைவூட்டக் கலைஞரைச் சந்தித்து உரையாடுவதே இதன் பொருள். குரல்கள் உண்மையானவை. உருவங்களோ கணினியில் வரையப்பட்டவை.

பெரிய நிறுவனங்களின் சித்திரப் படங்களில் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு கலந்திருக்கும். தனித்தியங்கும் கலைஞரின் படம் அவ்வாறானதன்று. அதன் ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரே மனிதரின் கைரேகை பதிந்திருக்கும். அதனாலேயே, படத்தைப் பார்த்துவிட்டால் ஆளையும் அறிந்துகொண்டோம் என்று எண்ணிவிடுகிறோம்.

ரயன் லார்க்கின் 1943 இல் மொன்றியலில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் கனடியத் தேசியத் திரைப்படச் சபையில் சேர்ந்து, நோர்மன் மக்லாரன் என்னும் மேதையிடம் பயின்றார். 1968 இல் அவர் அளித்த 'வோக்கிங்' என்ற குறும்படத்தில் கதை என்று எதுவும் இல்லை. மனிதர்கள் நடக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் ஒவ்வொருவரின் நடையிலும் ஒரு தனிக் குணம் தெரியும். அப்படம் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. 1972 இல் 'ஸ்ட்ரீட் மியூசிக்' வந்தது. அதன் பின்னர் நீண்ட மௌனம். கொக்கேயினும் மதுவும் அவரை ஆட்கொண்டன. ஈற்றில் மொன்றியலில் வீடற்றோருக்கான தங்குமிடமொன்றில் இரவைக் கழித்து, பகலில் செயின்ட் லோரன்ட் வீதியில் வழிப்போக்கர்களிடம் சில்லறை கேட்பவரானார்.

2000 ஆம் ஆண்டில் ஒட்டாவா அசைவூட்டத் திரைப்பட விழாவின் தேர்வுக்குழுவில் லார்க்கினும் இடம்பெற்றார். லான்ட்ரெத் அவரை அறிந்துகொண்டது அங்கேதான். அந்த அறிமுகமே பின்னர் படமாயிற்று.

படத்தில் லார்க்கினின் தலையில் பாதி இல்லை. கைகள் குச்சியாய் மெலிந்திருக்கின்றன. எனினும் லான்ட்ரெத் தம்மையும் விட்டுவைக்கவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே கண்ணாடி முன் நின்று தம் முகத்தின் காயங்களைக் காட்டுகிறார். உரையாடலின் நடுவே, மதுவைக் கைவிடும்படி லார்க்கினை வேண்டுகிறார். அதுவரை மென்மையாகப் பேசிக்கொண்டிருந்தவர் சீற்றத்துடன் எழுந்துவிடுகிறார். அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் அது லார்க்கினைப் பற்றியது மட்டுமன்று என்பதைச் சற்றுப் பின்னர் அறிகிறோம். லான்ட்ரெத்தின் தாயாரும் மதுவுக்கு அடிமையாகியிருந்தவர். மகன் தாயிடம் கேட்க முடியாது போனதை, கலைஞர் கலைஞரிடம் கேட்டிருக்கிறார்.

இக்காட்சியைப் பார்த்தபோது எங்கள் அலுவலகத்து ஓவியர் என் நினைவுக்கு வந்தார்.

கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில் ஞாயிறு இதழின் சிறுகதைகளுக்குப் படம் வரைந்தவர் அவர். என்னிலும் மூத்தவர். கதையை முழுமையாக வாசிக்க அவருக்கு நேரமிராது. "தம்பி, கதையைச் சுருக்கிச் சொல்லும்" என்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் தூரிகை மையில் தோய்ந்திருக்கும். பிற்காலத்தில் குடி அவரைப் பற்றிக்கொண்டது. மாத இறுதியில் பத்து ரூபா கேட்பார். கொடுப்பேன், ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டேன். எதையும் கேட்காதிருப்பதே பண்பு என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அவர் காலமானார் என்ற செய்தி வந்தது. அஞ்சலிக் குறிப்பு எழுதும்படி ஆசிரியர் என்னைப் பணித்தார். அவருடைய கோடுகளைப் பற்றி ஒரு பக்கம் தடையின்றி எழுதினேன். பிறந்த ஊர், குடும்பம் என்று வந்தபோது பேனா நின்றுவிட்டது. கீழே அச்சுக்கூடத்துக்கு இறங்கிச் சென்று, அச்சுக்கோப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருப்பதாக அவர் சொன்னார். பதினொரு ஆண்டுகள் அடுத்த மேசையில் இருந்தவரைப் பற்றி நான் அறியாததை, மாலையில் அவருடன் தேநீர் குடித்தவர் அறிந்திருந்தார்.

லான்ட்ரெத் செய்தது முற்றிலும் சரியென்று நான் வாதிடவில்லை. தம்மை அவ்வாறு சிதைந்த உருவமாகத் திரையில் கண்டபோது லார்க்கின் சங்கடப்பட்டார். லோரன்ஸ் கிறீன் எடுத்த 'ஓல்ட்டர் ஈகோஸ்' என்ற ஆவணப்படத்தில் அதைக் காணலாம். ஒருவரின் வீழ்ச்சியை அறிவது வேறு, அவரை அறிவது வேறு. பதினைந்து வயதில் தம் அண்ணன் படகு விபத்தில் இறப்பதைக் கண்ணெதிரே பார்த்தும், நீந்தத் தெரியாததால் காப்பாற்ற இயலாது போனவர் லார்க்கின். சில்லறை போட்டுச் சென்றவர்களுள் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

எனினும் லான்ட்ரெத் எதிரே அமர்ந்தார், கேட்டார், தம் காயத்தையும் மறைக்காது காட்டினார். நான் பத்து ரூபாவோடு நிறுத்திக்கொண்டேன்.

லார்க்கின் மீண்டும் வரையத் தொடங்கினார். 2006 இல் எம்டிவி கனடாவுக்காகச் சில குறுந்துண்டுகளைச் செய்தார். புதிய படமொன்றிலும் ஈடுபட்டிருந்தார். 2007 பெப்ரவரியில் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. 'ஸ்பெயார் சேஞ்ச்' என்ற அந்தப் படத்தை நண்பர்கள் 2008 இல் நிறைவுசெய்தனர்.

எங்கள் ஓவியருக்கு வலது கால் சற்று இழுபடும். மரப்படியில் அவர் ஏறி வரும் ஓசையை வைத்தே ஆளை இனங்கண்டுகொள்வோம். அந்தக் கால் ஏன் அப்படியாயிற்று என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்று எந்த நாட்டில் இருக்கிறார்களோ, அறியேன். அவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், அந்தக் காலின் கதையை எனக்கு எழுதுவார்களாக. குறிப்பில் விடுபட்டதை இப்போதாவது சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.