இன்னாபா, நாஸ்தா துன்னியா?

ஒரு அம்மா தன் மகனிடம் "நாஸ்தா துன்னியா?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருவர் "காலை உணவு உண்டாயா?" என்று திருத்தி எழுதுகிறார். பொருள் மாறவில்லை. ஆனால் அம்மா மாறிவிட்டாள்! இப்போது பேசுவது அவள் இல்லை, பாடப்புத்தகம்.

நாவலில் பேச்சு வழக்கு ஏன் தேவை என்ற கேள்விக்கு இதைவிட எளிய பதில் இல்லை.

பல தமிழ்ப் படங்களில் சென்னைத் தமிழ் ரௌடிக்கும் காமெடியனுக்கும்தான் கிடைத்தது. அதனால் அந்தப் பேச்சைக் கேட்டாலே பலருக்குச் சிரிப்பு வரும். தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' (2018) நாவலைப் படிப்பவருக்கு அந்தச் சிரிப்பு சில பக்கங்களில் நின்றுவிடும். கதை நடப்பது கூவம் கரையில் உள்ள சிந்தாதிரிப்பேட்டையில். 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் அது. அங்கேயே வளர்ந்தவர் எழுதியதால், அந்த மக்கள் அழுவதும் கொஞ்சுவதும் சண்டை போடுவதும் அவர்கள் பேச்சிலேயே நடக்கிறது. வேடிக்கை காட்ட யாரும் பேசுவதில்லை.

இந்தப் பேச்சைக் 'கொச்சை' என்கிறார்கள். சரி, சொற்களைப் பார்ப்போம். நாஸ்தா, பேஜார் உருது வழியாக வந்தவை. நைனா தெலுங்கு. கஸ்மாலம் சமஸ்கிருதம். துட்டு ஒரு டச்சு நாணயத்தின் பெயர். துறைமுக நகரத்தின் முந்நூறு ஆண்டு வரலாறு இதில் இருக்கிறதே, இதுவா கொச்சை?

ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வில் இந்தப் பேச்சை முன்பே எழுதினார். பூமணியின் 'பிறகு' (1979) கரிசல் பேச்சையும், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) விருத்தாசலம் பக்கத்துப் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்தன. இவற்றில் வட்டார வழக்கை எடுத்துவிட்டால் யார் யாருக்குப் பணிகிறார், யார் யாரை அதட்டுகிறார் என்பதே தெரியாமல் போகும்.

படிக்கச் சிரமம் என்பது உண்மைதான். வாய்விட்டுப் படித்தால் பாதி சிரமம் தீரும்.

தாம்பரம், சேலையூர் பக்கம் விடுதிகளில் சேரும் வெளியூர் மாணவர்கள் பலர், யாராவது கிண்டல் செய்வார்களோ என்று ஊர்ப் பேச்சை முதல் மாதத்திலேயே ஒளித்து வைத்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் அது வெளியே வரும். வராண்டாவின் ஓரத்துக்குப் போய், குரலைத் தாழ்த்திப் பேசும் அந்தப் பேச்சுக்கும் ஒரு நாவலில் இடம் உண்டு.