றப்பர் மீனுக்கு ஒரு சத்திரசிகிச்சை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சிம்கோ ஏரியின் தென்கோடியிலே குக்ஸ் விரிகுடா என்றொரு பகுதி உண்டு. ஆழம் குறைந்தது, நீர்க்கொடிகள் அடர்ந்தது. பைக் என்னும் நன்னீர் மீனைத் தேடுவோர் அங்கே வருவர். ரொறன்ரோவில் வாழும் என் சகோதரியின் மகனும் அவர்களில் ஒருவன். அவனுடன் சில தடவை படகில் சென்றிருக்கிறேன். ஆனால் ஏரியில் கண்டதைவிட, அவனது வீட்டு நிலக்கீழ் அறை மேசையிற் கண்டதே எனக்குச் சுவாரசியமாயிருந்தது.

நம் கடலின் சீலாவை அறிந்தவருக்குப் பைக்கை அறிமுகஞ் செய்வது இலகு. இரண்டுக்கும் உறவில்லை, ஆனால் நீண்ட உடலும், வாய் நிறைந்த பற்களும், அம்பு போன்ற பாய்ச்சலும் ஒன்றேதான். பைக் கொடிகளுக்குள் அசையாது நிற்கும். இரை அருகே வந்ததும் பாய்ந்து அதைக் குறுக்காகக் கௌவும். பின்னர் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும்.

சிக்கல் இந்தக் குறுக்குக் கடியில்தான். கடையில் விற்கும் மென்பிளாஸ்ரிக் மீன் 20 சென்ரிமீற்றர் நீளம் இருக்கலாம். அதன் தலையிற் பொருத்தும் ஈயக் கட்டியோடு சேர்ந்த ஒற்றைக் கொக்கியோ முன்பாதி முதுகிலேயே வெளியே வந்துவிடும். “மாமா, இது தலையிலதான் கடிக்கும் எண்டு நினைக்காதேங்கோ” என்று சொல்லி, வாலிழந்த றப்பர் மீன்கள் சிலவற்றை மருமகன் எடுத்துக் காட்டினான்.

பரிகாரம், ஈயத் தலையின் வளையத்திலிருந்து குறுகிய கம்பியொன்றை ஓடவிட்டு, அதன் நுனியில் மூன்று முனைக் கொக்கியொன்றைக் கட்டுவது. அதன் ஒரு முனையை மட்டும் றப்பரின் நடு உடலில் இலேசாகக் குத்தி நிறுத்துவான். ஆழக் குத்தினால், மீன் கௌவும்போது கொக்கி றப்பரிலேயே சிக்கி நின்றுவிடுமாம். வேறு சிலர் மூக்கிலே திருகுக் கம்பியைச் செருகி, கொக்கியை முற்றாக வெளியே தொங்கவிடுகின்றனர். கடித்ததும் றப்பர் விலகிக் கொடுப்பதால் அதற்கும் ஆயுள் கூடுகிறது.

அடுத்தது கத்தி வேலை. இலையுதிர்காலக் கடைசியில் நீர் குளிர்ந்தபின் பைக் அதிகம் துரத்தாது. இரை மெதுவாக ஊர்ந்து வரவேண்டும். தடித்த றப்பர் வாலோ மெதுவாக இழுத்தால் ஆடாது. ஆகவே வாலுக்குச் சற்று முன்னேயுள்ள ஒடுங்கிய பகுதியைப் பிளேட்டினால் இரு பக்கமும் சீவி மெலிதாக்குவான். கொஞ்சம் கூடச் சீவினால் முதற் கடியிலேயே வால் போய்விடும். கத்தரிக்கோலும் பசைப் போத்தலுமாகச் செய்திப் பிரதிகளை வெட்டி ஒட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எவ்வளவு வெட்டுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே கடினம் என்று எனக்கு எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

கிழிந்தவற்றை அவன் எறிவதில்லை. சூடாக்கிய கத்தியலகை வெடிப்பின் நடுவே வைத்து, இரு முகங்களும் உருகியதும் அலகை உருவி அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். எழும் புகை நல்லதல்ல. யன்னலைத் திறந்து வைத்தே செய்யவேண்டும். நன்றாக இழுபடும் வேறொரு வகைச் செயற்கை றப்பரும் உண்டு. அதைச் சாதாரண வகையோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

இவையெல்லாம் பிடிப்பதற்கான உபாயங்கள். விடுவதற்கான உபாயங்களே என்னை அதிகம் யோசிக்க வைத்தன. எங்கள் ஊரில் மீன் பிடிப்பது கறிக்கு. பிடித்ததைத் திரும்ப நீரில் விடுவது, உயிரோடு விளையாடுவதாகவே முதலில் எனக்குத் தோன்றியது. அந்த உறுத்தல் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஜேர்மனியில், உண்ணும் நோக்கமின்றி விடுவதற்காகவே மீன் பிடிப்பதை மிருக நலச் சட்டத்தோடு பொருந்தாததாகவே பொதுவாகக் கருதுகின்றனர். மருமகனின் வாதம் வேறு. பெரிய பைக்குகள் பெரும்பாலும் பெண்மீன்கள், ஏராளமாக முட்டையிடுபவை. உடலில் பாதரசம் அதிகம் சேர்ந்திருப்பவையும் அவையே. எந்த ஏரியில் எந்த அளவு மீனை எவ்வளவு உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசே வழிகாட்டி வெளியிடுகிறது. ஆகவே சிறியதொன்று சமையலுக்கு வரும். கவர்விட்ட முட்களை எடுப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பது சகோதரியின் முறைப்பாடு. பெரியது ஏரிக்குத் திரும்பும்.

திரும்புவது பிழைக்கவும் வேண்டுமே! தங்கூசியைப் பைக்கின் பற்கள் அறுத்துவிடும். அறுந்தால் கொக்கி தொண்டையிலேயே தங்கும். எனவே நூலின் நுனியில் கம்பி கட்டாமல் அவன் எறிவதே இல்லை. கொக்கிகளின் எதிர்முட்களைக் குறட்டினால் நசுக்கிவிடுகிறான். இரண்டு மூன்று முனைக் கொக்கிகளைப் பூட்டுவோரும் உளர். அவன் ஒன்றோடு நிறுத்துகிறான். அதனால் சில மீன்கள் தப்பிவிடுகின்றன என்று ஒப்புக்கொள்கிறான். அந்த நட்டக் கணக்கை ஏற்கிறவனே நல்ல தூண்டிற்காரன் என்பது என் அபிப்பிராயம்.

படகில் நீண்ட குறட்டுக்குப் பக்கத்தில் கம்பி வெட்டி ஒன்றும் கிடக்கும். கொக்கி ஆழமாக இறங்கியிருந்தால் இழுத்துப் போராடுவதில்லை. கொக்கியையே துண்டாக வெட்டி மீனை விட்டுவிடுவான். அன்றிரவு மேசையில் புதிய கொக்கி ஒன்று கட்டப்படும்.