கயாக்கும் கருவேல முள்ளும்

படகு வாங்கணும்னு ஆசை வந்துட்டா முதல்ல படகைப் பார்க்கக் கூடாது மக்களே, தண்ணியைப் பார்க்கணும். இதை நான் சொல்றது உத்திரமேரூர்ல உக்காந்துகிட்டு. ஊர் பேரைச் சொன்னாலே எல்லாரும் குடவோலைன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா அதே கி.பி. 921-ஆம் வருஷத்துப் பராந்தகன் கல்வெட்டுல, ஏரியைப் பார்த்துக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒண்ணும் இருக்கு. அதுல சேர 35 வயசு ஆகணுமாம். எனக்கு இன்னும் டைம் இருக்கு, அதுவரைக்கும் ஏரியில துடுப்பாவது போடலாமேன்னு ஒரு நல்லெண்ணம்தான். ஹி ஹி.

கயாக் பித்து பிடிச்சது முட்டுக்காட்டுல. அங்க உப்பங்கழியில வாடகைக்கு எடுத்து ஓட்டினப்ப, முதல் பத்து நிமிஷம் ஒரே வட்டமா சுத்தினேன். அப்புறம் திடீர்னு நேராப் போக ஆரம்பிச்சது பாருங்க, அந்த சுகத்தை எழுத்துல சொல்ல முடியாது. தண்ணிக்கும் நமக்கும் நடுவுல அரை அடிகூட இல்லை. மோட்டார் சத்தம் இல்லை. கொக்கு பக்கத்துல நின்னு நம்மளை முறைக்குது. நாலஞ்சு தடவை போனதும், வாடகைக் காசும் போக வர பெட்ரோல் காசும் கணக்குப் போட்டுட்டு, "சொந்தமா ஒண்ணு வாங்கி நம்ம ஊர் ஏரியில விட்டா என்ன?"ன்னு தோணிச்சு. சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, உடனே எக்செல் ஷீட் திறந்தாச்சு.

கயாக்குல பெரிய பிரிவு ரெண்டு. உள்ளே காலை நுழைச்சு உட்காருறது ஒண்ணு, மேலே உட்காருறது இன்னொண்ணு. அசல் கயாக் முதல் வகை. கிரீன்லாந்து பக்கத்து இனுயிட் வேட்டைக்காரங்க கட்டைச் சட்டத்து மேல சீல் தோலைத் தைச்சுப் போட்டுச் செஞ்சது. ஓட்டுறவனோட உடம்பை அளந்து செய்வாங்க. நீளம் அவன் ரெண்டு கையை விரிச்ச அளவுல மூணு மடங்கு, உட்காருற இடத்து அகலம் இடுப்போட ரெண்டு கைமுட்டி, இப்படி. டெய்லர்கிட்ட சட்டைக்கு அளவு கொடுக்கிற மாதிரி. உறையுற தண்ணியில வேலை செய்யறவனுக்கு இடுப்புக்குக் கீழே ஈரம் படக் கூடாது, அதுக்காக வந்த வடிவம் அது.

நமக்கு அந்தப் பிரச்சினை இருக்கா? உத்திரமேரூர்ல குளிர்ல உறைஞ்சு போறதுக்கு ஏ.சி. தியேட்டர்லதான் உக்காரணும். இங்க நனைஞ்சா சுகம். நம்ம பயம் வேற. படகு கவுந்தா ஒத்தை ஆளா எப்படித் திரும்ப ஏறுறது? உள்ளே உட்காருற படகுல தண்ணி ரொம்பிச்சுன்னா, லிட்டருக்கு ஒரு கிலோ கணக்குல நூறு கிலோவைச் சாதாரணமாத் தாண்டும். நடு ஏரியில மிதந்துகிட்டே அதை யார் இறைக்கிறது? மேலே உட்காருற வகையில உள்ளே மூடின காத்து அறை, தளத்துல தண்ணி வடியிற ஓட்டை. கவுந்தா புரட்டிப் போட்டு, வயித்தைக் குப்புற வச்சு ஏறி உக்காரலாம்.

யோசிச்சுப் பார்த்தா இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நம்ம கட்டுமரம் என்ன? கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே உட்காருறது. அலை ஏறும், இடுக்கு வழியா வடிஞ்சிடும். ரொம்பி முழுகறதுக்கு உள்ளே இடமே கிடையாது. கேட்டமரான்னு இங்கிலீஷ்காரன் பேரைக் கொண்டுபோனான், ஐடியா இப்ப பிளாஸ்டிக்ல திரும்பி வந்திருக்கு. அவ்ளோதான்.

ஆக, மேலே உட்காருற வகைன்னு முடிவாச்சு. அடுத்தது காத்தடிக்கிற கயாக். விலை கம்மி, மடிச்சு பைக்குள்ள போட்டு டூவீலர்லயே கொண்டு போயிடலாம். பசங்க எல்லாரும் "மச்சி, இதான்டா பெஸ்ட்"னு சொன்னானுங்க. ஆனா நம்ம பக்கத்து ஏரி உள்வாயை நினைச்சுப் பாருங்க. கருவேல மரம் பாதி முங்கி நிக்கும், ஒடிஞ்ச கிளை தண்ணிக்கடியில கண்ணுக்கே தெரியாம கிடக்கும். டிராக்டர் டயரையே பதம் பார்க்கிற முள்ளு அது.

முள்ளை விடுங்க, காத்து இருக்கே. 2017-ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் விரிச்சாரே அமைச்சர் செல்லூர் ராஜு, ஞாபகம் இருக்கா? கொஞ்ச நேரத்துல எல்லாம் கரை ஒதுங்கிடுச்சு. நாம எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா அதுல ஒரு பாடம் இருக்கு: எடை இல்லாம தண்ணிக்கு மேலே எழும்பி நிக்கிற எதுவும் காத்து சொல்ற பக்கம்தான் போகும். காத்தடிச்ச கயாக்கும் அந்தத் தெர்மாகோலுக்குச் சொந்தக்காரன்தான். ஏரியில ஒதுங்க இடம் கிடையாது, வெட்டவெளி. வாடைக்காத்து எழும்பினா துடுப்புப் போடப் போட பின்னாடி போகும். (எந்தப் படகா இருந்தாலும், போகும்போது எதிர்க்காத்துல போங்க. களைச்சுத் திரும்பும்போது காத்தே தள்ளிக் கொடுக்கும்.)

கடைசியில எடுத்தது பாலிஎதிலீன்ல வார்த்த பத்தடி படகு. அகலம் 31 இஞ்ச், அடியில திசை மாறாம இருக்கச் சின்னதா ஒரு தகடு. கடலுக்குப் போற 15, 16 அடிப் படகு கத்தி மாதிரி வேகமா கிழிச்சுகிட்டுப் போகும், ஆனா ஒடுக்கம். முங்கின மரத்துக்கு நடுவுல திருப்பவும் முடியாது. ஃபைபர்ல எடை கம்மி, ஆனா மதகுக் கல்லுல ஒரு இடி இடிச்சா விரிசல். பாலிஎதிலீன் கீறல் விழுந்தாலும் உழைக்கும். குறை ஒண்ணே ஒண்ணு, 25 கிலோ. கரை மேல ஏத்தி இறக்க இன்னொரு ஆள் வேணும். தாங்கும் எடைன்னு போட்டிருக்கிறதுல மூணுல ரெண்டு பங்கை மட்டும் நம்புங்க. முழுசா ஏத்தினா மிதக்கும், ஆனா ஓடாது.

விலை, அகலம் எல்லாம் எக்செல்ல வந்துச்சு. அம்மா வரலை. "ஏன்டா, ஏரியில வருஷா வருஷம் புள்ளைங்க போறது உனக்குத் தெரியாதா?"ன்னு ஒரே கேள்வி. தெரியும். நம்ம ஏரிகள் பார்க்க முட்டிக்கால் ஆழம் மாதிரி இருக்கும், சவுடு அள்ளின பள்ளத்துல ரெண்டு ஆள் முழுகும். நீச்சல் தெரிஞ்சவனையும் சேறு காலைப் பிடிச்சுக்கும். அம்மா பயத்தை மூடநம்பிக்கைன்னு தள்ள எனக்கு மனசு வரலை, ஏன்னா அது நியாயமான பயம்.

அதனால படகுக்கு முன்னாடி லைஃப் ஜாக்கெட் வந்துச்சு. அதுலயும் விஷயம் இருக்கு. துடுப்பு போடறவங்க போடுற 50 நியூட்டன் ஜாக்கெட் மிதக்க வைக்கும், ஆனா மயங்கினவனை மல்லாக்கத் திருப்பிப் போடும்னு நம்ப முடியாது. அதனால தனியாப் போறது இல்லைன்னு அம்மாகிட்ட ஒப்பந்தம். ஜாக்கெட் சரியா இருக்கான்னு பார்க்க, போட்டு இறுக்கிட்டு, தோள்பட்டையைப் பிடிச்சு மேலே தூக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறினா அது உங்க சைஸ் இல்லை.

ரெண்டாவது ஷரத்து, கலங்கல் பக்கமும் மதகுப் பக்கமும் தலை வச்சுப் படுக்கக் கூடாது. இது அம்மா போட்டது இல்லை, நானே போட்டது. கலங்கல்ல தண்ணி அழகா வழியும், செல்ஃபி எடுக்கத் தோணும். ஆனா கீழே விழுந்த தண்ணி அங்கேயே சுருண்டு சுருண்டு மேலே வந்து, மாட்டினவனைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். ஜாக்கெட் போட்டிருந்தாலும் விடாது.

இறங்கறதுக்கு முன்னாடி மீன் குத்தகைக்காரரைப் பார்த்துப் பேசினேன். எங்கே வலை கட்டியிருக்குன்னு அவருக்குத்தான் தெரியும், வலையை அறுத்தா அது அவர் சோறு. படகை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "நாங்க தெர்மாகோலை சாக்குல சுத்திக் கட்டிக்கிட்டுப் போறோம் தம்பி, இதுக்கு இவ்ளோ காசா?"ன்னார். பதில் சொல்லத் தெரியலை. வேடந்தாங்கல் பறவைங்க இரை தேடி நம்ம பக்கத்து ஏரிகளுக்கும் வரும், கூட்டமா உக்காந்திருந்தா அந்தப் பக்கம் துடுப்பு போடாதேன்னும் அவரே சொன்னார்.

நல்ல மழை வருஷத்துல மார்கழி, தையில ஏரி நிறைஞ்சிருக்கும். மாசி பங்குனிக்கு மேல வயலுக்குத் தண்ணி போகப் போக சேறுதான். இப்போதைக்குப் படகு மாட்டுக்கொட்டாய்ல கவுத்து வச்சிருக்கு. கீழே ஒரு கோழி அடை காக்குது, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு.