ஐன் சாமியாவின் பள்ளிக்கூடம்

2023 மே 22 தொடங்கி மூன்றே நாளில் ஐன் சாமியா காலியானது. கூரைத் தகரத்தை அங்கே குடியிருந்தவர்களே கழற்றினார்கள். கூடாரத் துணியைச் சுருட்டினார்கள், பாய் படுக்கைகளை வண்டியில் ஏற்றினார்கள், ஆடுகளைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மேய்ச்சலை நம்பி வாழும் பெதூயின் மக்களுக்குக் குடியிருப்பையே கழற்றி எடுத்துப்போகத் தெரியும். தூக்கிக்கொண்டு போக முடியாதது ஒன்றுதான் இருந்தது. அது பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.

மேற்குக் கரையில் ரமல்லாவுக்கு வடகிழக்கே, கஃப்ர் மாலிக் என்ற ஊரைத் தாண்டி, மலை ஜோர்டான் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் இடம் அது. ஊற்றுக்குப் பெயர்போன மண். ரமல்லா வட்டாரத்து வீடுகளுக்கு இங்குள்ள கிணறுகளிலிருந்தும் தண்ணீர் போகிறது. 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகள் அந்தச் சரிவில் இருக்கின்றன. 1970இல் அவற்றில் ஒன்றில் கிடைத்த வெள்ளிக் கோப்பை எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. செத்தவர் குழிக்குள் வைத்த கோப்பைக்குக் கிடைத்த அக்கறை, அதே மண்ணில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்த அறைக்குக் கிடைக்கவில்லையே என்ற வேதனை எனக்கு ஆறவே இல்லை.

1948இல் நெகேவ் (நகப்) பாலைவனத்திலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இந்த மக்கள். பல இடம் மாறி, கடைசியில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இங்கே தங்கியிருந்தார்கள். போனவர்கள் 178 பேர், அவர்களில் 78 பேர் குழந்தைகள்.

பள்ளி வந்தது 2022 ஜனவரியில். வெளிநாட்டு உதவியில் எழுந்த சில அறைகள், அவ்வளவுதான். ஆனால் பள்ளியே இல்லாத இடத்தில் அது என்னவெல்லாம் செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலைச்சாலையில் நெடுந்தூரம் அனுப்பப் பயந்து வீட்டில் நிறுத்திவைக்கிற சின்னப் பிள்ளைக்கு, அம்மாவின் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு வகுப்பு. கிடையில் ஆட்டைக் கட்டிவிட்டு வந்து உட்கார ஓர் இடம். ஊர் என்று பேர் சொல்ல ஒரு கட்டடம். நான்கு பேர் கூடிப் பேசுவதற்கும் அதன் வாசல்தான் வாகாக இருந்திருக்கும். ஒன்றரை ஆண்டுகூட முழுதாக நடக்காத பள்ளிதான். அதற்குள் ஓர் ஊரின் நடு அதுவாகிவிடும்.

அனுமதி இல்லாமல் கட்டியது என்பதுதான் அதன் மேல் சொல்லப்பட்ட குற்றம். மேற்குக் கரை 1967 முதல் இஸ்ரேலிய ராணுவத்தின் பிடியில் இருக்கிறது. 1995இன் ஓஸ்லோ ஒப்பந்தம் அதன் பெரும்பகுதி நிலத்தை ‘சி’ பகுதி என்று பிரித்து, தற்காலிகமாக என்று சொல்லி, அந்த ராணுவத்தின் கையிலேயே விட்டது. இன்று அது ஏறக்குறைய அறுபது விழுக்காடு. அங்கே ஒரு சுவர் எழுப்பவும் ராணுவ நிர்வாகம் கையெழுத்திட வேண்டும். 2016 முதல் 2018 வரை பாலஸ்தீனர்கள் போட்ட 1,485 விண்ணப்பங்களில் 21 மட்டுமே தேறின. அனுமதி தராமல் இருந்துவிட்டு, அனுமதி இல்லை என்று இடிப்பதைச் சட்டம் என்று என்னால் அழைக்க முடியாது. ஐன் சாமியா பள்ளிக்காக நீதிமன்றப் படியேறியும் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

பள்ளி நிற்கும்போதே ஊர் போய்விட்டது. இஸ்ரேலியக் குடியேறிகளின் தாக்குதல் ஆண்டுக்கணக்கில் நடந்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த மே மாதம் அது தாங்க முடியாத எல்லைக்குப் போனது. ஆட்டை விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம், பிள்ளையின் பயத்தை என்ன செய்வது? பெற்றவர்கள் பிள்ளைகளுக்காகவே எழுந்து போனார்கள். அந்தப் பிள்ளைகளின் பள்ளி ஆளில்லாத மலையில் மூன்று மாதம் தனியே நின்றது.

என் மனம் சுற்றிச்சுற்றி வருவது அந்த மூன்று மாதத்தைத்தான். வேறெங்கோ கூடாரம் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு அப்போதும் ‘எங்கள் பள்ளி’ என்று சொல்ல ஒன்று இருந்தது. தூரத்தில்தான், பூட்டியபடிதான், ஆனாலும் இருந்தது. விடுமுறை முடிந்தால் திரும்பிப் போகலாம் என்று குழந்தை மனம் கணக்குப் போட்டிருக்காதா? 2023 ஆகஸ்ட் 17 அன்று, புதிய கல்வியாண்டு தொடங்கப் போகிற நேரத்தில், புல்டோசர் வந்தது.

படிக்க ஒருவரும் இல்லாத பள்ளியை எதற்கு இடிக்க வேண்டும்? திரும்பி வருவதற்கான காரணம் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதற்காகத்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஹெப்ரோனுக்குத் தெற்கே ஸனூத்தாவில் நடந்ததும் அதுவே. 2023 அக்டோபர் கடைசியில் அந்த ஊரார் குடியேறிகளின் மிரட்டலுக்குத் தப்பி வெளியேறினார்கள். அடுத்த மாதமே அங்கிருந்த பள்ளி தரைமட்டமாகக் கிடந்தது. 2024 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்றது. ஆகஸ்டில் போனார்கள். இடிந்த வீட்டுக்குக் கூரை போடவும் விடவில்லை, தொல்லையும் ஓயவில்லை. சில வாரங்களில் மறுபடி மூட்டை கட்டினார்கள். தீர்ப்பு கையில் இருந்தது, திரும்பிப் போய் வாழ ஊர்தான் இல்லை.

ஆக்கிரமித்துள்ள நாடு குழந்தைகளின் கல்வி நிலையங்கள் சரிவர நடக்கத் துணைநிற்க வேண்டும் என்கிறது நான்காம் ஜெனிவா ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவு. அந்த ஒப்பந்தத்தில் இஸ்ரேலும் கையெழுத்திட்டிருக்கிறது. ஐன் சாமியா பள்ளி இடிக்கப்பட்ட ஆண்டில் மேற்குக் கரையில் இன்னும் 58 பள்ளிகள் இடிப்பு ஆபத்தில் இருப்பதாக ஐ.நா. கணக்குச் சொன்னது. அவற்றில் படித்தவர்கள் ஏறத்தாழ 6,500 பிள்ளைகள்.

பள்ளிகளுக்குப் பணம் கொடுத்த நாடுகள் ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவிக்கின்றன. வருத்தம் போதாது. இடித்தவரிடம் இழப்பீட்டை விடாமல் கேளுங்கள், அதே இடத்தில் மறுபடி கட்டுங்கள், அந்த 178 பேரும் ஐன் சாமியாவுக்குத் திரும்பிப் போக வழிசெய்யுங்கள்.