துரையின் பெயரும் அப்பாவின் பெயரும்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பெரிய துரை ஸ்காட்லாந்துக்காரர். பெயர் 'மெக்' என்று தொடங்கும். மீதி யார் வாயிலும் நுழையாது. அது ஏதோ ஜமீன் பட்டம் என்றே அப்பா கடைசிவரை நம்பினார்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் பழைய மொழி கேலிக். அதில் 'மெக்' என்றால் மகன், அவ்வளவுதான்! மெக்டொனால்டு என்றால் டொனால்டின் மகன். மகளென்றால் 'நிக்'. நம் அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்று நிற்கிறதே, அதே வேலைதான். (மகன், மெக் என்று ஓசை ஒத்துவருவது தற்செயல், உறவு கொண்டாடிவிடாதீர்கள்.) நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயர் மாறும். அவர்களுக்கு அது ஒரு காலத்தில் நின்றுபோய்க் குடும்பப் பெயராகிவிட்டது.

அந்தப் பெயர்களில் மெக்கிரெகர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிரெகர் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த பெயர்; விழித்திருப்பவன் என்று பொருள். 1603 பிப்ரவரியில் கிளென் புரூயின் பள்ளத்தாக்கில் இவர்கள் கொல்கூன் கூட்டத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். ஏப்ரலில் ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு அந்தப் பெயரையே தடை செய்தது. மெக்கிரெகர் என்று சொன்னால் மரண தண்டனை! மரே, கிராண்ட், கேம்பல் என்று ஆளுக்கொரு பெயரில் ஒளிந்தார்கள். 1661இல் தடை நீங்கி, 1693இல் திரும்பவும் வந்தது. பேர்போன ராப் ராய் மெக்கிரெகரே தாய்வழிப் பெயரான கேம்பலை வைத்துக்கொண்டார். அவர் இறந்தது 1734இல். தடை அடியோடு ஒழிந்ததோ 1774இல்.

இதைப் படித்தபோது என் பிறப்புப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது. அப்பா பெயர் முனியாண்டி. எனக்குப் பதிந்த கிராணி 'முனியன்' என்று எழுதிவிட்டார். தம்பிக்குச் சரியாக 'முனியாண்டி'. ஒரே லயத்தில், ஒரே பாயில் வளர்ந்த எங்களுக்குத் தாளில் இரண்டு தகப்பன்.

அப்பா இறந்தபின் அவர் சேமிப்புப் பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். தம்பியின் தாளை வாங்கிக்கொண்டார்கள். "நீங்கள் யார்?" என்று என்னைக் கேட்டார்கள். கொள்ளி வைத்த கை என்னுடையது! சத்தியப் பத்திரம் எழுதி, பழைய கங்காணியைச் சாட்சிக்கு அழைத்துப் போய்த்தான் அப்பாவுக்கு மகனானேன்.

போன மாதம் பேத்தியின் பிறப்பைப் பதியப் போனோம். தாளை வாங்கி, என் மகனின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

"போதும்பா, சரியாத்தான் இருக்கு" என்றான்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.