இரவல் போன யந்திரம்

நாங்கள் முன்பு குடியிருந்த ஸ்டோரில் ஏழு குடித்தனம். பெரிய அண்டா ஒன்றே ஒன்று. யார் வீட்டு விசேஷமானாலும் அதுதான் போகும். (அடிப்பிடிக்க வைத்துத் திருப்பிக் கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்!)

மண்ணைப் பற்றிப் படிக்கும் என் தம்பி மகன் ஒரு யந்திரத்தின் படத்தைக் காட்டியபோது, அந்த அண்டாவின் நினைவுதான் வந்தது. டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் 'டி-ரெக்ஸ்'. சுமார் 29 டன் எடை. வயிற்றிலிருந்து இரும்புத் தட்டை இறக்கித் தரையில் அழுத்தி, மண்ணைக் குலுக்கும். கல்லூரிக்குக் கல்லூரி வாங்க முடிகிற சாமானா இது? அமெரிக்க தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் கொடுத்த பணத்தில் உருவாயிற்று. மற்ற இடத்து ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டு உபயோகிக்கலாம் என்று ஏற்பாடு.

எதற்குக் குலுக்க வேண்டும் என்கிறீர்களா? படியில் அரிசியைப் போட்டுத் தட்டினால் அமுங்குகிறதல்லவா? நீரில் ஊறிய மணலும் பூகம்பத்தில் அப்படித்தான் அமுங்கப் பார்க்கும். ஆனால் இடையிலுள்ள தண்ணீர் வெளியேற அவகாசம் இல்லை, மணல் கஞ்சியாகிவிடும். மேலே நிற்கும் வீடு என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்!

நியூஜீலந்தில், கிறைஸ்ட்சர்ச் நகரில், 2011 பிப்ரவரி பூகம்பத்தில் 185 பேர் மாண்டார்கள். தெருவெல்லாம் மணலும் நீரும் பொங்கின. ஆயிரக்கணக்கான வீடுகளைக் கைவிட்டார்கள். இத்தகைய மண்ணில் இனி வீடு கட்டலாமா என்பதே கவலை. 2013-ல் டி-ரெக்ஸ் கடல் கடந்து அங்கே போயிற்று. ஜனங்கள் காலி செய்த மனைகளில், ஜல்லியைத் தூண் தூணாக இடித்து இறுக்கிய மண்ணையும், சும்மா விட்ட மண்ணையும் குலுக்கிப் பார்த்தார்கள். ஜல்லி இடித்த இடம் நன்றாகவே தாங்கிற்று.

"யந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாடா?" என்றேன்.

"கொடுத்துவிட்டார்கள், அத்தை!" என்று சிரித்தான்.