யார் முதலில் கூப்பிட்டது?

ஜூன் 9, திங்கள்

காலை ஏழரைக்கே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி அண்ணாச்சி போன். "தம்பி, டேலில பில்லு அடிச்சா பிரிண்டருக்கே போகமாட்டேங்குது." ராஜபாளையத்திலிருந்து பைக்கில் போனேன். பிரிண்டரில் கோளாறு ஒன்றுமில்லை. யாரோ கை பட்டு, பில்லெல்லாம் பிடிஎஃப் கோப்பாகப் போய் விழுந்துகொண்டிருந்தது. சரிசெய்ய இரண்டு நிமிஷம். போகவர, டீ குடிக்க ஒரு மணி நேரம். இரண்டு நிமிஷ வேலைக்கு என்ன கேட்பது? கேட்காமலே வந்தேன். கடையில் மூன்று லேப்டாப் பிரித்தபடி கிடந்தன.

ஜூன் 11, புதன்

ஜிஎஸ்டிஆர்-1 வரிக்கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இலவச ரிமோட் மென்பொருள் ஒன்றின் வழியாகப் போனேன். பாதி வேலையில் இணைப்பு அறுந்தது. வணிகப் பயன்பாடாகத் தெரிகிறது என்று திரையில் ஓர் அறிவிப்பு. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்று அவர்கள் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு தடவைக்கு 200 ரூபாய் வாங்குகிறேன். திருட்டு விண்டோஸ் போடாதீர்கள் என்று கடையில் உபதேசம் வேறு.

ஜூன் 12, வியாழன்

இரவு, கடையை அடைத்துவிட்டு, வேறு என்ன ரிமோட் மென்பொருள் இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். 1990களில் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்றில் பிறந்த விஎன்சி இன்றும் இலவசம்தான். ஆனால் வெளியிலிருந்து நுழைய வாடிக்கையாளர் வீட்டு ரூட்டரில் 5900 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். அது வாசற்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற கதை. டீம்வியூயர், எனிடெஸ்க் போன்றவற்றில் இரண்டு கம்ப்யூட்டரும் நடுவிலுள்ள ஒரு சர்வரைத் தேடிப்போய் அங்கே சந்திக்கின்றன. அதனால் ரூட்டரில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நடு வீடு யாருடையது? 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, சான்றிதழ்களை மாற்றியது.

ரஸ்ட்டெஸ்க் திறமூல மென்பொருள். நடு சர்வரை நாமே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் பூட்டும் சாவியும் நம் பொறுப்பு. அப்டேட் போட மறந்தால் நொந்துகொள்ள வேறு ஆள் கிடையாது. கிளவுடில் சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுப்பதென்று முடிவு செய்தேன்.

ஜூன் 14, சனி

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் வைஃபை பிரச்சினை. தீர்த்துவிட்டு, ரஸ்ட்டெஸ்க்கையும் போட்டுக்கொடுத்து, "இனிமே ஏதாச்சும்னா இதைத் திறந்து நம்பரைச் சொன்னாப் போதும் டீச்சர், இங்கிருந்தே பாத்துடுவேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேங்க்ல இருந்து பேசுறேன்னவனும் இதேதாம்ப்பா சொன்னான்."

சுருக்கென்றது. 2019இல் ரிசர்வ் வங்கி எச்சரித்ததும் இதைத்தான்: மோசடிக்காரன் செயலியை இறக்கச் சொல்லி, எண்ணைக் கேட்டு வாங்கி, யுபிஐயில் பணத்தை எடுத்துவிடுகிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே கருவி, ஒரே வசனம். ஐந்து நாளாக விலையையும் வேகத்தையும் பார்த்தேன். ஊராருக்கு என்ன பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று பார்க்கவில்லை. விண்டோஸோடு வரும் குயிக் அசிஸ்ட்டில் எண்ணை உதவுகிறவர் சொல்ல, மற்றவர் தட்டுகிறார். திசைதான் மாறுகிறது; ஏமாற்றுகிறவனும் எண் சொல்வான்.

மென்பொருளால் தீராதது ஒரு விதியால் தீரலாம். நிரந்தரப் பாஸ்வேர்ட் கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் 'அனுமதி' அழுத்தினால்தான் உள்ளே போவேன். முக்கியமாக, முதல் போன் அவர்களுடையதாக இருக்க வேண்டும். மானிட்டர் ஓரத்தில் ஒட்ட ஸ்டிக்கர் அடித்தேன்: "நாங்கள் கூப்பிட்டால் திறக்காதீர்கள். நீங்கள் கடை எண்ணுக்குக் கூப்பிட்டால் மட்டும் திறங்கள். ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930."

ஜூன் 20, வெள்ளி

ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். அண்ணாச்சியின் பேக்கப் ஓடியதா என்று பார்த்துவிடலாமென, என் போன் சார்ஜில் இருந்ததால் வீட்டுக்காரி போனில் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, ரஸ்ட்டெஸ்க்கைத் திறங்க."

பட்டென்று வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் கடைப் போன் அடித்தது.

"தம்பி, எவனோ அச்சு அசல் உன் குரல்லயே பேசுறான். சூதானமா இரு."